தூண்டில் பக்கம்: பொய்மீன் மூழ்கும் கணக்கு

கொடுவா மீனுக்கு மெல்ல மூழ்கும் பொய்மீனைப் போட்டுப் பாருங்கள் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை இழுப்பறையை நிறைத்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுக்க அதே பேச்சுதான். வலைக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பொய்மீன் என்று நான் எழுதுவது கடைகளில் லூர் என்று விற்கிற பிளாஸ்டிக் மீனை. அதில் மிதப்பது உண்டு, ஈயக்கட்டிபோல இறங்குவது உண்டு. இரண்டுக்கும் நடுவே, அடிபட்ட மடவைக்குஞ்சு மூச்சு வாங்கிக்கொண்டே கீழே போவதுபோல ஆடி ஆடி இறங்குவது ஒன்று உண்டு. கேள்விகள் எல்லாம் அதைப் பற்றியவை.

கேள்வி: 20 கிராம் எடையில் ஒரு லூர் வாங்கினேன். பெட்டியில் ‘மெல்ல மூழ்கும்’ என்று போட்டிருந்தது. சித்திரையில் முத்துப்பேட்டைப் பக்கம் வீசியபோது மூழ்க மனமில்லாமல் தொங்கியது. ஐப்பசி மழையில் அதே இடத்தில் அதே லூர் விறுவிறுவென்று இறங்கி அடிவேரில் மாட்டிக்கொண்டது. போலிச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்களா? — ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: கடைக்காரரை வையாதீர்கள். சித்திரைக்கும் ஐப்பசிக்கும் நடுவில் தண்ணீர் மாறிவிட்டது.

மன்னார்குடிக்காரருக்கு விதைநெல் தேர்வு செய்வதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வாளித் தண்ணீரில் முட்டையைப் போட்டால் அடியில் கிடக்கும். உப்பைப் போட்டுக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் முட்டை எழும்பி, பழைய நாலணாக் காசு அகலத்துக்குத் தலை காட்டும். அந்தத் தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறையும் மிதக்கும், மணி பிடித்தது அடியில் தங்கும். முட்டை அதே முட்டைதான். உப்பு ஏறியதால் தண்ணீர் கனத்து அதைத் தூக்கிவிட்டது. உங்கள் லூரும் அந்த முட்டைக்கு உறவு.

கணக்காகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் ஆற்றுநீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம். உங்கள் 20 கிராம் லூர் 19 மில்லி லிட்டர் இடத்தை அடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் தண்ணீர் அதை 19 கிராம் அளவுக்கு மேலே தள்ளும். மிச்சம் ஒரு கிராம். அந்த ஒரு கிராம்தான் அதைக் கீழே இழுக்கிறது. கடலில் மேலே தள்ளுவது 19.5 கிராம் ஆகிவிடும். மிச்சம் அரைக் கிராம். மூழ்கும் எடையில் சரிபாதி போய்விட்டது! வேகமும் பாதியாகிவிடாது, இறங்கும் வேகம் குறைந்தால் தண்ணீரின் எதிர்ப்பு அதைவிட அதிகமாகக் குறையும். அதனால் பத்தில் ஏழு பங்கு வேகம் நிற்கும். ஆற்றில் பத்து விநாடியில் இறங்கும் ஆழத்துக்குக் கடலில் பதினான்கு விநாடி.

இது கடலுக்கான கணக்கு. முத்துப்பேட்டைக் காயலும் வேதாரண்யச் சதுப்பும் கோடையில் கடலையே மிஞ்சும். ஆற்றில் நீர்வரத்து நின்று, வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுப்போகிற காலம் அது. அந்தத் தண்ணீரில் உங்கள் லூர் தொங்கியதில் வியப்பில்லை. ஐப்பசியில் பாமணியாறும் கோரையாறும் மழைநீரைக் கொண்டுவந்து கொட்டியபிறகு அதே காயலில் நீங்கள் வீசியது பாதிக்கு மேல் நன்னீர்.

எனக்கு இந்த உப்புச் சமாசாரத்தில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். நான் பொதுப்பணித் துறையில் 31 ஆண்டுகள் லஸ்கராக, அதாவது மதகுக் காவலாளாக, இருந்தவன். கடைசிப் பதினோரு ஆண்டுகள், ஆற்றை அடைத்துத் திறக்கும் ஒரு கடைமடைச் சட்ரஸில். கோப்பில் ரெகுலேட்டர் என்று எழுதுவார்கள்; எங்கள் பக்கத்தில் சட்ரஸ் என்றால்தான் புரியும். மேற்கே நின்றால் குடிக்கலாம், கிழக்கே நின்றால் வாயில் வைக்க முடியாது. நடுவில் ஓர் இரும்புப் பலகை. அந்தப் பலகையை ஏற்றி இறக்கியே என் வயது போயிற்று. ஓய்வு பெற்ற ஆண்டு அக்காள் மகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது தைலம், சோப்பு, டார்ச் லைட்டோடு ஒரு லூரையும் கொண்டுவந்தான். நான் அதை நம்பவில்லை. கொல்லையில் இரண்டு பிளாஸ்டிக் டிரம் வைத்து, ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் கடல் தண்ணீரும் நிரப்பி, லூரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் மூன்று எண்ணி முடிக்கும்போது அடியைத் தொட்டது. கடல் தண்ணீரில் நான்கைத் தாண்டியது. இறங்கும்போது வயிறு இடமும் வலமுமாக மின்னியதைப் பார்த்தபோதுதான், இது பொம்மை இல்லை என்று பட்டது.

பெட்டியில் எழுதியிருப்பது யாரோ எங்கோ ஒரு தொட்டியில் போட்டுப் பார்த்த கணக்கு. நீங்கள் வீசப்போகும் தண்ணீரில், கரையோரம் முழங்காலளவில் நின்று, ஒருமுறை போட்டு எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் எண்ணுங்கள். நேற்றைய எண்ணிக்கை இன்றைக்கு உதவாது.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. சட்ரஸைத் திறந்தவுடன் நன்னீரும் உப்புநீரும் கைகோத்துக் கலந்துவிடுவதில்லை. நன்னீர் இலேசானது, மேலே ஓடும். உப்புநீர் அடியில் படுத்திருக்கும். மேலடுக்கில் வேகமாக இறங்கிய லூர், உப்படுக்கைத் தொட்டதும் யாரோ கையில் தாங்கியதுபோலத் தயங்கும். எடை மிக நெருக்கமாகச் செய்யப்பட்ட லூராக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அது கெடுதல் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கிடைத்த மூன்று பெரிய கொடுவாக்களில் இரண்டு, லூர் அப்படித் தயங்கிய நொடியில் எடுத்தவை.

அடுக்கு எங்கே இருக்கிறது என்று அறிய ஒரு சோடா பாட்டில் போதும். அடியில் கல் கட்டுங்கள். வாயில் தக்கையை இலேசாகச் செருகி, தக்கைக்குத் தனியாக ஒரு நூல். பாட்டிலை வேண்டிய ஆழத்துக்கு இறக்கித் தக்கை நூலைச் சுண்டினால் அந்த ஆழத்துத் தண்ணீர் நிரம்பிவிடும். மேலே இழுத்து நாக்கில் ஒரு சொட்டு. உப்புக் கரித்தால் உப்படுக்கு அதற்கு மேலேயே தொடங்கிவிட்டது. துப்பிவிடுங்கள், முகத்துவாரத் தண்ணீரில் உப்பைத் தவிர வேறு பலதும் இருக்கும்.

கேள்வி: என் கணவர் 900 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் மீன் வாங்கியிருக்கிறார். அந்தப் பணத்தில் கடைத்தெருவில் நல்ல கொடுவாவே வாங்கியிருக்கலாமே? — ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: வாங்கியிருக்கலாம், சகோதரி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டிலும் இல்லை.

கேள்வி: கடலோரத் தூண்டில் வளைவில் நின்று வீசுகிறேன். லூர் வேகமாக வந்தால் மீன் துரத்துகிறது, கடிப்பதில்லை. மெதுவாக இழுத்தால் கல்லில் சிக்குகிறது. எப்படித்தான் இழுப்பது? — ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல்வரிசைக்குத் தூண்டில் வளைவு என்று பெயர் வைத்தவர் யாரோ, எங்கள் கூட்டத்து ஆளாகத்தான் இருப்பார். அரசு கொட்டிய கல் அவ்வளவும் நமக்குத் திண்ணை.

நீங்கள் இழுப்பதைப் பற்றியே யோசிக்கிறீர்கள். இந்த வகை லூருக்கு வேலை, இழுக்காமல் இருக்கும்போது நடக்கிறது. வீசுங்கள். விழுந்ததும் நூலில் காற்றுக்கு வளைந்த தொய்வை மட்டும் சுற்றி எடுத்துவிட்டு, கம்பின் நுனியைத் தண்ணீருக்கு அருகே தாழ்த்தி எண்ணத் தொடங்குங்கள். நான் களத்தில் நெல் அளந்த பழக்கத்தில் ‘லாபம், இரண்டு, மூன்று’ என்று எண்ணுவேன். முதல் வீச்சில் தரை தட்டும்வரை எண்ணுங்கள். நூல் சட்டென்று தளர்ந்தால் தரை. எட்டில் தட்டினால் அடுத்த வீச்சில் ஆறில் நிறுத்துங்கள். கல்லுக்கு இரண்டு எண்ணிக்கை மேலே லூர் இருக்கிறது, இனி சிக்காது.

பிறகு கம்பை இடுப்பு மட்டத்திலிருந்து தோள்வரை பக்கவாட்டில் ஒரு இழுப்பு, துடைப்பம் கூட்டுவதுபோல. அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். கம்பை மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்துகொண்டே நூலைச் சுற்றி, லூரை மறுபடி இறங்க விடுங்கள். நூல் விறைப்பாக இருந்தால் லூர் செத்த கட்டைபோல வரும். முழுவதும் தொய்ந்திருந்தால் கடித்தது தெரியாது. நடுநிலை வேண்டும்: அரைத்தொய்வு. கண்ணை நூல் தண்ணீரைத் தொடும் இடத்தில் வையுங்கள். இறங்கிக்கொண்டிருக்கும் லூரைக் கொடுவா வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும். அப்போது கம்பில் ஒன்றும் தெரியாது. நூல் ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகரும், அல்லது எட்டில் தட்டவேண்டியது ஐந்திலேயே நின்றுவிடும். அதைக் கண்டால் யோசிக்காமல் தொய்வைச் சுற்றி எடுத்துக் கம்பைச் சாயுங்கள்.

உங்கள் வளைவில் துரத்திவிட்டுத் திரும்புவது பெரும்பாலும் பாறை மீன் அல்லது கட்டா மீன். அவற்றுக்குக் கொடுவா நிதானம் கிடையாது. லூரை ஆழத்தில் இறக்கி, ஏழெட்டுச் சுற்று வேகமாகச் சுற்றி, திடீரென்று நிறுத்துங்கள். ஓடிவந்த சின்னமீன் மூச்சடைத்து விழுகிறது என்று அது நினைக்க வேண்டும். நிறுத்திய இடத்தில்தான் அடி விழும்.

நூலையும் பாருங்கள். பின்னல் நூல் தண்ணீரைவிட இலேசு. அது மிதந்துகொண்டு லூரைத் தூக்கிப் பிடிக்கும். தடித்த நூல் போட்டுவிட்டு லூர் மூழ்கவில்லை என்று எழுதியவர்கள் நான்கு பேர். கட்டவேண்டியது மெல்லிய பின்னல் நூல், முனையில் ஒன்றரை முழம் தடித்த நைலான் நரம்பு. கொடுவாவின் உதட்டுக்குள் பல் உப்புத்தாள்போல் இருக்கும், செவுள் மூடியின் ஓரம் சவரக் கத்தி. நரம்பில்லாமல் வெறும் பின்னல் நூல் அரை நிமிடம் தாங்காது.

நீரோட்டம் பலமாக இருக்கும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் மெல்ல மூழ்குவது அடியைத் தொடுமுன் பக்கத்து ஆள் காலடிக்குப் போய்விடும். அன்றைக்கு ஓட்டத்துக்கு எதிராக மேலே வீசுங்கள், அல்லது கனமானதைக் கட்டுங்கள். அட்டமி, நவமியில் ஓட்டம் சோம்பிக் கிடக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாத அந்த நாட்கள் இந்த லூருக்கு முகூர்த்தம்.

கேள்வி: லூரோடு வந்த மும்முள் (மூன்று முனைத் தூண்டில் முள்) துருப்பிடித்துவிட்டது. உள்ளூர்க் கடையில் இன்னும் கொஞ்சம் பெரிய, பலமான முள்ளாக மாற்றினேன். அதிலிருந்து லூர் ஆடவே மறுக்கிறது. — ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: மன்னார்குடிக்காரருக்குச் சொன்ன கணக்கை மறுபடி எடுங்கள். கடலில் அந்த லூரை மூழ்கடிப்பது வெறும் அரைக் கிராம். நீங்கள் மாற்றிய இரண்டு முட்களும் சேர்ந்து ஒன்றரைக் கிராம் கூடியிருந்தால், மூழ்கும் எடை ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிவிட்டது. இரும்பு தண்ணீரில் அதிகம் எடை இழக்காது. வெளியே கையில் பிடித்தால் 20 கிராமுக்கும் 21.5 கிராமுக்கும் வித்தியாசம் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

நகை நிறுக்கும் சிறு தராசு இப்போது மலிவாகக் கிடைக்கிறது. பழைய முள்ளைத் துருவோடு நிறுத்து, அதே எடைக்குப் புதியதை வாங்குங்கள், உப்புக்குத் தாங்கும் பூச்சுள்ளதாக. மும்முள்ளுக்குப் பதில் ஒற்றை முள் போடுவது இன்னும் நல்லது. எடை குறைந்துவிட்டால் முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியை நாலு சுற்று சுற்றுங்கள். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் பற்றவைக்க வைத்திருப்பார்களே, அதுவே போதும். ஒவ்வொரு சுற்றாகக் கூட்டி டிரம்மில் போட்டுப் பாருங்கள். முன்முள்ளில் சுற்றினால் தலை கவிழும், பின்முள்ளில் சுற்றினால் வால் தொங்கும். உடல் கிடையாக இறங்குவதுதான் பார்க்க மடவைபோல இருக்கும்.

ஒற்றை முள்ளுக்கு நான் மாறிய கதை கொஞ்சம் வலிக்கும் கதை. நாகூர் வெட்டாற்று முகத்துவாரத்தில் இரண்டு கிலோ கொடுவா ஒன்றைக் கரைக்கு இழுத்து, குறடை எடுக்கத் திரும்பினேன். அது தலையை ஒரு உதறு உதறியது. பின்முள் அதன் வாயில், முன்முள் என் கட்டைவிரலில். மீனும் நானும் ஒரே லூரில். அது துள்ளத் துள்ள நான் அதோடு சேர்ந்து மணலில் உட்கார்ந்து எழுந்தேன். பக்கத்தில் நண்டு வலை உதறிக்கொண்டிருந்த அம்மாள் வந்து, முள்ளை லூரோடு பிணைக்கும் வளையத்தை வெட்டிவிடும்வரை விடுதலை இல்லை. மருத்துவமனையில் முள்ளை முன்னுக்குத் தள்ளி, நுனியை வெட்டி, பின்னால் உருவினார்கள். ஊசி போட்ட செவிலியர் கேட்ட முதல் கேள்வி, ‘மீன் என்ன ஆயிற்று?’ அம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவருக்கு அதில் திருப்தி இல்லை.

கேள்வி: வஞ்சிரத்துக்காகப் படகிலிருந்து வீசும்போது கம்பி கட்டலாமா? நரம்பை அறுத்துவிடுகிறது. — ஒரு வாசகர், வேளாங்கண்ணி

பதில்: வஞ்சிரத்துக்கும் ஊளிக்கும் கம்பி இல்லாமல் முடியாது. ஒரு சாண் போதும், ஒற்றை இழை. முறுக்குக் கம்பியை முழ நீளத்துக்குக் கட்டினால் மூக்கு பாரத்தில் லூர் தலைகுப்புற விழும். கம்பி கட்டிய பிறகு மறுபடி எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் செப்பிலி மீன் நிறைய இருப்பதாகச் சொல்கிறார்கள். விடுமுறையில் வந்து வீசலாமா? — ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அது வனத்துறைக் காடு. அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. சுற்றிப்பார்க்கக் கிடைக்கும் அனுமதி தூண்டில் போடுவதற்கு ஆகாது. கோடியக்கரைச் சரணாலயத்துக்குள்ளும் அப்படியே. செப்பிலி காட்டுக்குள்தான் இருக்கும் என்று யார் சொன்னது? பாலத்தூண், கல் அடுக்கிய கரை, அமிழ்ந்த மரம் எங்கும் ஒளிந்திருக்கும். அதற்கு லூரை நிழலின் ஓரத்தில் இறக்குங்கள். எடுத்ததும் வேருக்குள் ஓடும். முதல் இரண்டு நொடியில் நிறுத்தாவிட்டால் லூருக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: சட்ரஸ் திறக்கும்போது கொடுவா கூடும் என்கிறார்களே, உண்மையா? என்ன நிறம் போடுவது? — ஒரு வாசகர், திருக்குவளை

பதில்: உண்மை. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தால் (திறந்தால்!) கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரும்போது ஆடி பிறந்துவிடும். மழைக்காலத்தில் வடிகாலுக்காக இரவு பகல் பாராமல் திறப்போம். பலகை ஒரு சாண் எழும்பியதும் மேல்பக்கத்துக் கெண்டைக் குஞ்சும் இறாலும் தலைசுற்றிப்போய்க் கீழ்ப்பக்கத்தில் வந்து விழும். நன்னீரிலிருந்து உப்பில் விழுந்த குஞ்சுக்கு நீச்சல் மறந்துவிடும். கொடுவாவுக்கு அது தெரியும். இரவில் பலகைக்குக் கீழே ‘டொப், டொப்’ என்று வாய் திறக்கும் ஓசையை எத்தனையோ நாள் கேட்டுக்கொண்டு, கையில் தூண்டில் இல்லாமல், அரசாங்கக் கூலிக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

ஆனால் சட்ரஸின் மேலேயோ கீழ்ப்படுகையிலோ நின்று வீசாதீர்கள். தண்ணீர் சுழன்று திரும்பும் இடத்தில் நல்ல நீச்சல்காரரையும் நான் கயிறு போட்டு இழுத்திருக்கிறேன். ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி, ஓட்டமும் தேங்கிய நீரும் உரசும் கோட்டைத் தேடுங்கள். நுரை நூல் பிடித்ததுபோல ஓடும். ஓட்டத்துப் பக்கம் வீசி, லூர் இறங்கிக்கொண்டே அந்தக் கோட்டைத் தாண்டித் தேங்கிய பக்கம் நுழையும்படி விடுங்கள். இழுப்பே வேண்டாம்; தண்ணீர் இழுக்கும்.

நிறத்துக்கு வருகிறேன். வண்டல் கலங்கிய தண்ணீரில் பொன்னிறமோ, கறுப்போ. தெளிந்த கோடை நீரில் வெள்ளி. கடையில் இன்னும் நாற்பது நிறம் வைத்திருக்கிறார்கள். அவை பெரும்பாலும் நாகப்பட்டினத்துச் சகோதரியின் கணவரைப் பிடிப்பதற்காகச் செய்தவை.